எழுத்து மாறினால் இயந்திரம் பழுதா?



இம்மாதம் ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். எழுதியவர் கிழக்கில் வாழும் ஒரு தாய். கணவர் மௌத்தாகி ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று பிள்ளைகள். கணவர் கட்டாரில் வேலை செய்த காலத்தில் வாங்கி வந்த மடிக்கணனி ஒன்று வீட்டில் இருக்கிறது. பெருநாள் படங்கள், காணி உறுதியின் பிரதி, வெளிநாட்டில் இருந்தபோது கடைசிப் பிள்ளைக்குக் கதை சொல்லிப் பதிந்து அனுப்பிய குரல் ஆகிய எல்லாம் அதற்குள்தான். வேறு பிரதி எங்கும் இல்லை.

ஒருநாள் காலை அந்தக் கணனி திறக்கவில்லை. கடவுச்சொல் பிழை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. கடவுச்சொல்லை அவர் தமது கையால் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்: மூத்த மகளின் பெயர், அடுத்து @ என்ற குறி, அடுத்து அவள் பிறந்த ஆண்டு. ஒன்றரை வருடமாக அதை அடித்துத்தான் எல்லோரும் உள்ளே போனார்கள். அன்று போக முடியவில்லை. சாச்சா வந்து, "நீ கண்டதையும் அமத்தி இருப்பாய்" என்று மூத்த மகளை ஏசினாராம். கடைக்குக் கொண்டு போனதும், "விசைப்பலகையும் சரியில்லை, பாஸ்வேர்டும் போய்விட்டது. போர்மட் பண்ணித் தருகிறோம், நாலாயிரம் ரூபா. உள்ளே இருப்பது எதுவும் மிஞ்சாது" என்றார்களாம். "அந்தப் பிள்ளை வாப்பாவின் குரலைக் கேட்டால்தான் தூங்குவாள். கொடுக்கவா, வேண்டாமா?" என்று கேட்டிருந்தார். தொலைபேசி இலக்கமும் இருந்தது.

அன்று மஃரிபுக்குப் பின் அழைத்தேன். கொடுக்க வேண்டாம் என்பதைத்தான் முதலில் சொன்னேன். பிறகு அந்த வீட்டில் நடந்ததை வரும் பந்திகளில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம் விளங்க வேண்டும். அது விளங்கிவிட்டால் உங்கள் வீட்டில் இதுபோல் நேரும்போது நீங்களே கண்டுபிடித்து விடுவீர்கள்.

அந்தக் காலத்துக் கந்தோர்களில் இருந்த தட்டச்சுப் பொறியை நினைத்துப் பாருங்கள். விசையை அழுத்தினால் ஓர் இரும்புக் கை எழுந்து நாடாவின் மேல் விழும். அந்தக் கையின் நுனியில் எழுத்து வார்க்கப்பட்டிருக்கும். 'ம' என்ற விசையை அடித்தால் 'ம' தவிர வேறொன்றும் விழாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு வடிவமைத்தபோது, எந்த எழுத்தை எந்த விசையில் வைப்பது என்று அவர் எடுத்த முடிவு இரும்பிலேயே நின்றுவிட்டது.

கணனியின் விசைப்பலகை அப்படியன்று. அதன் விசைகளுக்கு எழுத்தே கிடையாது. மேலே தெரிவது வெறும் மை. நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் உள்ளே போவது ஓர் இலக்கம் மாத்திரமே. லினக்ஸில் ஏ என்று அச்சிட்ட விசையின் இலக்கம் 30. எண் வரிசையில் 2 என்றுள்ள விசையின் இலக்கம் 3. நாம் அதிகம் காணும் விசைப்பலகையில் என்டருக்கு இடது பக்கத்தில் ஒட்டியிருப்பதன் இலக்கம் 40.

பாடசாலையில் ஆசிரியை இடாப்பு வாசிப்பதைப் போல் இதை எண்ணிக் கொள்ளுங்கள். விசைப்பலகை "முப்பது" என்று கூப்பிடுகிறது. எழுந்து நிற்கும் பிள்ளை யார் என்பது எந்த வகுப்பின் இடாப்பு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆங்கில இடாப்பில் முப்பது என்றால் ஏ. பிரெஞ்சு இடாப்பில் அதே முப்பதுக்குக் கியூ எழுந்து நிற்கும். அரபு இடாப்பில் ஷீன். தமிழ்99 என்ற தமிழ் இடாப்பில் அ. பலகை ஒன்று, விரல் ஒன்று, இலக்கமும் ஒன்று. எழுத்து மட்டும் வேறு. இந்த இடாப்பைத்தான் விசையமைப்பு என்கிறோம். அது பலகைக்குள் இல்லை, கணனியின் இயங்குதளத்துக்குள் இருக்கிறது. ஆகவே அதை யாரும் மாற்றலாம், தெரியாமலும் மாற்றி விடலாம்.

இந்தச் சகோதரியின் கணனியில் இருந்தது உபுண்டு. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தின் ஒரு வகை அது. லினக்ஸின் கருவை 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். உபுண்டு 2004 இல் வந்தது. காசில்லாமல் கிடைப்பதாலும் பழைய கணனியிலும் ஓடுவதாலும் நம் வீடுகளுக்குள்ளும் அது மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 இல் நிறுத்திய பின்னர், புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணனிகளில் பலர் இதைத்தான் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் லினக்ஸைப் போடும்போது, "உங்கள் விசையமைப்பு எது?" என்று ஒரு கேள்வி வரும். நேர அவசரத்தில் எல்லோரும் தாண்டிச் செல்லும் கேள்வி அதுவே.

நம் நாட்டில் அந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பட்டியலில் 'ஆங்கிலம், அமெரிக்கா' என்றும் 'ஆங்கிலம், பிரித்தானியா' என்றும் இரண்டு தென்படும். நாம் படித்தது பிரித்தானிய ஆங்கிலம் அல்லவா? 'கலர்' என்ற சொல்லில் யூ எழுத்தை விட்டால் ஆசிரியையிடம் அடி வாங்கியவர்கள் நாம். ஆகவே கை தானாகப் பிரித்தானியாவைத் தெரிவு செய்துவிடும். ஆனால் நமது கடைகளில் விற்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க அமைப்பில் அச்சிடப்பட்டவை. அங்கே கேட்கப்படுவது உங்கள் மொழியை அல்ல, மேசையில் இருக்கும் பலகையை!

இரண்டுக்கும் ஏ முதல் ஸெட் வரை வித்தியாசமே இல்லை. அதனால்தான் நாட்கணக்கில் ஒன்றும் தெரிவதில்லை. வித்தியாசம் குறிகளில் இருக்கிறது. அமெரிக்க அமைப்பில் ஷிப்டுடன் 2 ஐ அழுத்தினால் @ வரும். பிரித்தானிய அமைப்பில் அதே இடத்தில் " என்ற இரட்டை மேற்கோள் குறி வரும். அங்கே @ இருப்பது என்டருக்கு அருகிலுள்ள அந்த நாற்பதாம் இலக்க விசையில். ஷிப்டுடன் 3 ஐ அழுத்தினால் அமெரிக்காவில் #, பிரித்தானியாவில் £. மின்னஞ்சல் முகவரி எழுதப் போய் நடுவில் மேற்கோள் குறி விழுந்தால், அல்லது தேடாத பவுண் குறி வந்து நின்றால், வேறெங்கும் தேடாதீர்கள்; காரணம் இதுதான்.

இப்போது அந்த வீட்டுக்குப் போவோம்.

தொலைபேசியில் மூத்த மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கணனி கடைசியாகத் திறந்த அன்று யாராவது அதில் எதையாவது மாற்றினார்களா?" அவள் சற்று யோசித்தாள். "கெம்பஸுக்கு விண்ணப்பம் போட இமெயில் அடிக்கப் போனோம். @ வரல்லண்டு மாமிட மகன் நானா என்னமோ மாத்தினாரு. அதுக்குப் பிறகு @ சரியா வந்தது." மற்றக் கேள்வி எதையும் நான் கேட்கவில்லை.

என்ன நடந்திருக்கிறது பாருங்கள். கணவர் உபுண்டுவைப் போட்டபோது பிரித்தானியாவைத் தெரிவு செய்திருக்கிறார். கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும்? ஷிப்டுடன் 2 ஐ அழுத்தி @ என்றே எண்ணியிருக்கிறார். கணனி ஏற்றுக்கொண்டதோ மேற்கோள் குறியை. நாட்குறிப்பில் எழுதியது @. உள்ளே பூட்டப்பட்டது ". இரண்டும் வேறு என்பது யாருக்கும் தெரியாது. ஏனெனில் ஒவ்வொரு நாளும் அதே விசையை அழுத்தினார்கள், அதே பிழையான குறி போனது, பிழையும் பிழையும் பொருந்திக் கதவு திறந்தது. அவர் மின்னஞ்சல் எல்லாம் கைத்தொலைபேசியில் எழுதுபவராம், அதனால் அவர் கண்ணிலும் படவில்லை.

பிறகு அந்தத் தம்பி வந்தார். அமைப்பை அமெரிக்காவுக்கு மாற்றினார். அவர் செய்தது முற்றிலும் சரி. அந்த வீட்டில் ஒரே ஒரு பயனர் கணக்குத்தான் என்பதால் மாற்றம் உள்நுழையும் திரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை ஷிப்டுடன் 2 ஐ அழுத்தியபோது முதன்முறையாக உண்மையான @ உள்ளே போனது. கணனி காத்திருந்ததோ மேற்கோள் குறிக்காக. திருத்தம் செய்ததால் பூட்டிக் கொண்ட கதவு இது! கணனி கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை, மீண்டும் படிக்க முடியாத வடிவத்தில் மாற்றித்தான் வைக்கிறது. ஆகவே, "நீ அடித்ததில் ஒரு குறிதான் பிழை" என்று அது நமக்குச் சொல்லவும் மாட்டாது.

"மகளே, பெயரை அடியுங்கள். @ வர வேண்டிய இடத்தில் ஷிப்டை அமர்த்திக்கொண்டு, என்டருக்கு இடது பக்கத்து விசையை அடியுங்கள். பிறகு ஆண்டை அடியுங்கள்" என்றேன். சில வினாடிகள் சத்தமே இல்லை. பிறகு, "உம்மா! தொறந்துட்டு!" என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் உம்மா கதைக்க முடியாமல் நின்றார். நான் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்தேன்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், இதே கதை வேறு வேறு உருவில் வருவதுதான். விசைப்பலகை தவறான எழுத்தைத் தருகிறதா, அல்லது எழுத்தே தரவில்லையா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு விசை ஒவ்வொரு தடவையும் அதே தவறான எழுத்தைத் தந்தால், பலகை நல்ல சுகத்தோடு இருக்கிறது, இடாப்புத்தான் மாறியிருக்கிறது. ஒரு விசை சில நேரம் வேலை செய்து சில நேரம் செய்யாவிட்டால், அல்லது ஓர் எழுத்து தானாகப் பத்துத் தடவை விழுந்தால், அது தேநீர் ஊற்றுண்ட கதையாக இருக்கலாம். அப்போது கடைக்காரர் தேவை. சந்தேகமாக இருந்தால் அயல்வீட்டில் யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிச் செருகிப் பாருங்கள். அதிலும் அதே பிழை வந்தால் மடிக்கணனியின் பலகையில் குற்றமில்லை. புதுப் பலகை போட வேண்டும் என்று யாராவது சொல்லும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள், செலவில்லாத சோதனை.

இன்னும் இரண்டு சின்னக் குற்றவாளிகள் உண்டு. கெப்ஸ் லொக் எல்லோருக்கும் தெரியும். நம் லொக் பலருக்குத் தெரியாது. தனியாக எண் விசைகள் இல்லாத சில பழைய மடிக்கணனிகளில் நம் லொக் போட்டால் வலது பக்கத்து எழுத்துகள் எண்களாகிவிடும். ஜே, கே, எல் ஆகியவை 1, 2, 3 ஆகும். யூ, ஐ, ஓ ஆகியவை 4, 5, 6 ஆகும். எம் பூச்சியம் ஆகும். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் எண் என்று வந்தால் அதை அணைத்துப் பாருங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அவர்களை ஏசுவதில் பயனில்லை, நாமும்தான் அமர்த்துகிறோம்.

மேற்கோள் குறியை அழுத்தினால் ஒன்றும் வராமல், அடுத்த எழுத்தை அடித்த பின்பு அதன் தலையில் ஒரு கோடு முளைத்து வருகிறதா? அது 'அமெரிக்கா, சர்வதேசம்' என்ற அமைப்பு. பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளை எழுதுபவர்களுக்காக ஆக்கியது. நமக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம். ஜெர்மனியிலிருந்து உறவினர் அனுப்பிய கணனி என்றால் வையும் ஸெட்டும் இடம் மாறி இருக்கும். பிரான்சிலிருந்து வந்தது என்றால் ஏயும் கியூவும், டபிள்யூவும் ஸெட்டும் மாறி இருக்கும், எண்களுக்கும் ஷிப்ட் வேண்டும். அப்படியான கணனியில் பலகையின் அச்சுக்கு ஏற்ற அமைப்பையே வைப்பது நல்லது. கண் பார்ப்பதும் கை அடிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அரபு நாடுகளில் வாங்கிய கணனிகளில் ஒரே விசையில் ஆங்கிலமும் அரபும் அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் அரபு எழுதிப் பழகவென்று அரபு அமைப்பையும் சேர்த்து வைப்போம். உபுண்டுவில் விண்டோஸ் படம் பொறித்த விசையையும் நீளமான இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஓர் அமைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். சில லினக்ஸ் வகைகளில் ஓல்ட்டும் ஷிப்டும் சேர்ந்தால் தாவும். கை தவறி அழுத்துவது மிக எளிது. கடிதம் எழுதும்போது என்றால் ஆங்கிலத்துக்குப் பதில் ஷீன், ஸீன், யா, பா என்று விழுவதைக் கண்டு உடனே விளங்கிவிடும். கடவுச்சொல்லில்தான் ஆபத்து. அங்கே புள்ளி மட்டுமே தெரியும்.

ஆகவே உள்நுழையும் திரையில் நிற்கும்போது பதறாமல் சில இடங்களைப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்பு இருந்தால், உபுண்டுவில் திரையின் மேல் மூலையில் இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள் தெரியும். ஈ, என் என்றிருந்தால் ஆங்கிலம். வேறு எழுத்துகள் இருந்தால் அதன் மேல் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். லினக்ஸ் மின்டிலும் உள்நுழையும் திரையின் பட்டியில் இதைக் காணலாம். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் புள்ளிகள் மறைந்து நீங்கள் அடித்தது எழுத்தாகவே தெரியும். அதுவும் இல்லாத பழைய பதிப்பென்றால், 'பட்டியலில் இல்லையா?' என்ற சொல்லை அழுத்துங்கள். பயனர் பெயர் கேட்டு ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டியில் அடிப்பது மறையாது. அங்கே @ ஐ அடித்துப் பாருங்கள், வேறு குறிகளையும் அடித்துப் பாருங்கள். என்டரை மட்டும் அழுத்தாமல் அழித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் கவனித்துக் கொள்ளுங்கள்!

எந்த விசை என்ன தருகிறது என்றே புரியாவிட்டால், அதே திரையில் மனித உருவம் போட்ட சிறு படம் ஒன்று இருக்கும். அதற்குள் திரை விசைப்பலகை என்ற வசதி உண்டு. அதைப் போட்டால் திரையிலேயே ஒரு விசைப்பலகை எழும். எழுத்தைக் கண்ணால் கண்டு மவுஸினால் அழுத்தலாம். பலகையின் அச்சு என்ன பொய் சொன்னாலும் திரையில் உள்ள எழுத்துப் பொய் சொல்லாது.

உள்ளே போன பிறகு அமைப்பைச் சரிசெய்வது சுலபம். அமைப்புகள் பகுதியில் விசைப்பலகை என்பதைத் திறந்தால் உள்ளீட்டு மூலங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். தேவையானதைச் சேர்க்கலாம், தேவையற்றதை நீக்கலாம், இழுத்து மேலே கீழே வைக்கலாம். பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் அந்த அமைப்பின் படத்தையும் காட்டும். உங்கள் பலகை எதுவென்று அறிய 2 என்ற விசையைப் பாருங்கள். அதன் மேல் @ அச்சிட்டிருந்தால் அமெரிக்க அமைப்பு, மேற்கோள் குறி இருந்தால் பிரித்தானிய அமைப்பு. பட்டியலில் முதலாவதாக ஆங்கிலத்தையே வையுங்கள். தமிழையும் அரபையும் அதன் கீழே வைத்துக் கொள்ளலாம்.

ஒன்று சொல்ல மறந்துவிடக் கூடாது. அமைப்பை மாற்றுவதற்கு முன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்ட, நீளமான ஒன்றை வையுங்கள். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அவை ஒரே இடத்தில் இருப்பதால் பின்னர் எதை மாற்றினாலும் கதவு திறக்கும். நாட்குறிப்பில் எழுதுபவர்கள் பக்கத்திலேயே 'அமெரிக்க விசையமைப்பு' என்றோ 'பிரித்தானிய விசையமைப்பு' என்றோ இரண்டு சொல் சேர்த்து எழுதி வையுங்கள். அந்தக் கணவர் இந்த இரண்டு சொல்லை எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திராது.

சில வீடுகளில் பூட்டு ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். லினக்ஸைப் போடும்போது வன்தட்டை மறைகுறியாக்கச் சம்மதித்திருந்தால், உள்நுழையும் திரை வருமுன்பே, கணனி எழும்பும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். அந்த இடத்துக்கு வேறோர் இடாப்பு. உள்ளே நீங்கள் அமைப்பை மாற்றிய செய்தி அதற்குச் சேராமலே இருக்கலாம். அங்கே மறுத்தால், முன்பிருந்த அமைப்பு எதுவோ அதன்படி விரலை வைத்துப் பாருங்கள். இதை நிரந்தரமாகச் சரிசெய்யக் கட்டளை அடிக்க வேண்டும் என்பதால் லினக்ஸ் தெரிந்த பிள்ளை ஒருவரிடம் கேட்பது நல்லது. "விசையமைப்பைத் தொகுதி முழுவதற்கும் மாற்றி, தொடக்கக் கோப்பையும் புதுப்பித்துத் தா" என்று சொன்னால் அவருக்கு விளங்கும்.

எல்லாம் பார்த்தும் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? அப்போதும் போர்மட் கடைசி வேலைதான். உபுண்டுவையோ மின்டையோ ஒரு யூஎஸ்பி தட்டில் போட்டு, அதிலிருந்தே கணனியை எழுப்பலாம். 'நிறுவாமல் முயன்று பார்' என்ற தெரிவை எடுத்தால் வன்தட்டில் உள்ள எதுவும் மாறாது. வன்தட்டு மறைகுறியாக்கப்படாதிருந்தால் அங்கிருந்து படங்களையும் குரல்களையும் வேறொரு தட்டுக்குப் பிரதி பண்ணிவிடலாம். மறைகுறியாக்கப்பட்டிருந்தால் இந்த வழி உதவாது. கடவுச்சொல் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், "போர்மட் பண்ண வேண்டாம், முதலில் உள்ளிருப்பதை எடுத்துத் தாருங்கள்" என்று துண்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது முன் மேசையிலிருந்து பின் அறைக்குப் போகுமுன் மறந்து போகும்.

அந்தச் சகோதரியின் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் அவரே அழைத்தார். இரவு முழுக்கப் பிள்ளைகள் தூங்கவில்லையாம், குரல்களைப் போட்டுப் போட்டுக் கேட்டார்களாம். எல்லாவற்றையும் இரண்டு தட்டில் பிரதி எடுத்து, ஒன்றைத் தாயார் வீட்டில் கொடுத்து வைக்கச் சொன்னேன். சரி என்றவர், சற்றுத் தயங்கி, தாம் கல்யாணத்துக்கு முன் ஓர் அச்சகத்தில் பாமினியில் தட்டச்சு செய்தவர் என்றும், வீட்டிலிருந்தே தமிழ் தட்டச்சு வேலை எடுத்துச் செய்ய விரும்புவதாகவும் சொன்னார். நேற்றிரவே தமிழைச் சேர்த்துப் பார்த்தாராம். "உம்மாண்டு அடிச்சா ஒமநமகண்டு வருது. எனக்கு எல்லாம் மறந்து போச்சு போல" என்றார்.

ஒன்றும் மறக்கவில்லை. அவர் விரல் சரியாகத்தான் போயிருக்கிறது. பாமினியில் 'உம்மா' எழுத சி, கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்று அடிக்க வேண்டும். அவர் சேர்த்ததோ தமிழ்நாட்டரசு 1999 இல் ஏற்ற தமிழ்99 அமைப்பு. அதில் சி என்றால் ஒ, கே என்றால் ம, அரைப்புள்ளி என்றால் ந, எச் என்றால் க. கூட்டிப் பாருங்கள்: ஒமநமக! இதுவும் அதே இடாப்புக் கதைதான்.

லினக்ஸின் பட்டியலில் இலங்கை என்று தேடினால் முதலில் நிற்பது சிங்கள அமைப்பு. கீழே தமிழ் என்று இருப்பதும் தமிழ்99 தான். நம் நாட்டில் பாமினியால் பழகிய கைக்கு ஒத்து வருவது ரெங்கநாதன் அமைப்பு. இலங்கைத் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 தரத்தில் 2008 இல் இடம்பெற்றதும் அதுவே. பாமினி எழுத்துருவில் எழுதியது உள்ளே ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ரெங்கநாதன் அமைப்பில் யுனிகோட்டாக எழுதியது எங்கே போனாலும் தமிழாகவே இருக்கும். உபுண்டுவில் அது முதற்பட்டியலில் இல்லை. ஐபஸ்-எம்17என் என்ற பொதியை இணையத்திலிருந்து இறக்கி நிறுவ வேண்டும். நிறுவிய பின் ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, உள்ளீட்டு மூலங்களில் தமிழைத் தெரிவு செய்தால், பல தமிழ் அமைப்புகளுக்கு நடுவில் ரெங்கநாதன் என்ற பெயர் இருக்கும்.

தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு மகள் அதை நிறுவினாள். பொதி இறங்க நேரம் எடுத்தது, வீட்டில் இணைப்பு மெதுவாம். பிறகு உம்மா கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. ஐந்து விசைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. "வாசி புள்ள" என்றார் மகளிடம். மகள் வாசித்தாள்.

"உம்மா."